வாசகர் கேள்வி – பதில்: இரண்டு முறை அகதியான கவுன்சிலர்

கேள்வி: வியட்நாம் அகதி ஒருவர் அமெரிக்காவில் கவுன்சிலர் ஆனதாகப் போன இதழில் ஒரே வரியில் எழுதியிருந்தீர்கள். யார் அவர்? ஊர் விட்டு வந்தவருக்கு எப்படி ஓட்டு விழுந்தது?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, தேவகோட்டை

பதில்: அவர் பெயர் டோனி லாம், அம்மா. 1936-இல் வட வியட்நாமின் துறைமுக நகரான ஹைஃபோங்கில் பிறந்தவர். 1954-இல் நாடு இரண்டானபோது தெற்கே வந்து சேர்ந்தார். 1975 ஏப்ரலில் தென் வியட்நாமின் தலைநகரான சைகோன் கம்யூனிஸ்டுகளிடம் வீழ்ந்ததும் மனைவியையும் ஆறு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மறுபடியும் கிளம்ப வேண்டியதாயிற்று.

அவருடைய பொதுவாழ்க்கை பசிபிக் கடலில் அமெரிக்காவுக்குச் சொந்தமான குவாம் தீவில் தொடங்கியது என்றுதான் சொல்வேன். அந்த ஆண்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகள் அந்தச் சின்னத் தீவின் வழியாகப் போனார்கள். ஒரோட்டே முனையில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத்தளத்தில் வரிசை வரிசையாகக் கூடாரம் அடித்திருந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் சீக்கிரம் அமெரிக்கா போய்ச் சேர வேண்டும் என்பதுதான் நினைப்பு. லாம் அங்கேயே தங்கி முகாம் நிர்வாகத்தைப் பார்த்தார். முகாம் என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள். யாருக்கு எந்தக் கூடாரம், சோற்று வரிசையில் யார் முந்தினார்கள், குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை... பிற்பாடு கவுன்சிலராக அவரிடம் மக்கள் கொண்டுவந்ததும் அப்படிப்பட்ட புகார்கள்தானே!

அப்புறம் கலிபோர்னியா. அகதிகளை முதலில் இறக்கிய இடங்களில் ஒன்று அங்குள்ள கேம்ப் பெண்டில்டன் ராணுவத்தளம். அங்கிருந்து வெளியே வந்த பலர், வாடகை மலிவாக இருந்த வெஸ்ட்மின்ஸ்டர் ஊரில் குடியேறினார்கள். போல்சா சாலை அப்போது காய்கறி வயலும் பழைய கார்ப் பட்டறைகளுமாகக் கிடந்தது. 1978 வாக்கில் மருந்துக்கடை, வியட்நாமியப் பத்திரிகை என்று ஒவ்வொன்றாக வந்தன. பத்தே ஆண்டில், 1988-இல், அந்தப் பகுதிக்கு 'லிட்டில் சைகோன்' என்று அதிகாரபூர்வமாகப் பெயர் வைத்தார்கள்.

பெயர் கிடைத்ததே தவிர மரியாதை அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை. 1989-இல் தென் வியட்நாம் முன்னாள் ராணுவ வீரர்கள் அணிவகுப்பு நடத்த அனுமதி கேட்டார்கள். நகரசபை உறுப்பினர் ஃபிராங்க் ஃப்ரை, தென் வியட்நாமியராகவே இருக்க வேண்டுமானால் தென் வியட்நாமுக்கே திரும்பிப் போங்கள் என்ற பொருளில் கூட்டத்திலேயே பேசிவிட்டார். திரும்பிப் போகச் சொன்ன அந்த நாடே அப்போது உலகப்படத்தில் இல்லை. அந்தப் பேச்சு என்ன பாடுபடுத்தியிருக்கும்!

மூன்று வருடம் கழித்து, 1992-இல், அதே சபைக்கு லாம் தேர்வானார். அமெரிக்காவில் தேர்தலில் நின்று பதவிக்கு வந்த முதல் வியட்நாமியர் அவர்தான். குடியுரிமை பெற்று, வாக்காளராகப் பதிந்தால்தான் அங்கே ஓட்டு. தம் மக்கள் ஓட்டு மட்டும் போதாது என்பதால் வெள்ளைக்காரர் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியிருந்தது. 'டெட்' புத்தாண்டு விழாவை முன்நின்று நடத்தியவர், வியட்நாமிய வணிகர் சங்கத்தில் உழைத்தவர் என்று ஊரில் முகம் தெரிந்தவராக இருந்தது கைகொடுத்தது.

கேள்வி: அவருடைய இன மக்களே அவர் கொடும்பாவியை எரித்தார்களாமே, உண்மையா?
– கல்லூரி மாணவர், கும்பகோணம்

பதில்: உண்மைதான், தம்பி. 1999 ஜனவரியில் போல்சா சாலையில் ஒரு வீடியோ கடைக்காரர் கம்யூனிஸ்ட் தலைவர் ஹோ சி மின் படத்தையும் கம்யூனிஸ்ட் வியட்நாமின் கொடியையும் கடையில் மாட்டினார். கடை முன்னால் கூடிய கூட்டம் 53 நாள் கலையவில்லை. உச்சத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். படம் மாட்டுவது கருத்துரிமை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கு வரும், ஒதுங்கியிருங்கள் என்று நகரசபை வழக்கறிஞர் உறுப்பினர்களுக்கு ஆலோசனை சொல்ல, லாம் அந்தப் பக்கம் போகவில்லை. துரோகி என்றார்கள். அவருடைய உணவகத்தின் முன் மறியல் செய்தார்கள், கொடும்பாவி எரித்தார்கள். 2002-இல் அவர் மறுபடி போட்டியிடவில்லை.

என் கருத்தைச் சொல்கிறேன். அவருக்கு இழைத்தது அநியாயம். அதற்காக அந்தக் கூட்டத்தை வெறும் வெறிக்கூட்டம் என்று என்னால் ஒதுக்க முடியாது. கம்யூனிஸ்ட் அரசு 'மறுகல்வி முகாம்' என்ற பெயரில் நடத்திய சிறைகளில் அண்ணனையும், படகில் தப்பியபோது கடலில் பிள்ளையையும் பறிகொடுத்தவர்கள் அதில் நின்றார்கள். லாம் சட்டத்தை மீறியிருக்க வேண்டாம். ஒரே ஒரு சாயங்காலம், அவர்களுக்குப் பக்கத்தில் வாய் பேசாமலாவது நின்றிருக்கலாம். வழக்கறிஞர் சொன்னது நகரசபையின் பணத்தைக் காப்பாற்ற. ஓட்டுப் போட்ட சனங்களுக்கு அது எப்படிப் புரியும்?

ஃபிராங்க் ஃப்ரையையும் சொல்லிவிட வேண்டும். திரும்பிப் போங்கள் என்ற அதே மனிதர், பின்னால் மன்னிப்புக் கேட்டார். வெஸ்ட்மின்ஸ்டரில் வியட்நாம் போர் நினைவுச் சின்னம் எழுப்ப வருடக்கணக்காக அலைந்தார். 2003-இல் திறந்த அந்தச் சின்னத்தில் அமெரிக்க வீரரும் தென் வியட்நாம் வீரரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள்.

கேள்வி: அந்த ஊருக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: மகள் வீட்டுக்குப் போனபோது ஒரு நாள் போனேன். 'ஃபுக் லோக் தோ' என்ற பெரிய கடைவளாகத்தின் வாசலில் அந்தப் பெயருக்குரிய மூன்று தெய்வங்களின் சிலைகள். பக்கத்து மேசைகளில் பெரியவர்கள் சீனச் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். வட்டமான மரக்காய்களை டக்கென்று பலகையில் அறைந்து வைக்கிற சத்தம் தெருவரை கேட்டது. ஆட்டத்துக்குக் காத்திருந்த ஒரு முதியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். 1999-இல் அந்தக் கூட்டத்தில் தானும் பல இரவுகள் நின்றதாகச் சொன்னார். லாமுக்கு எப்போதாவது ஓட்டுப் போட்டீர்களா என்று கேட்டேன். கையிலிருந்த ஐஸ் காபியைக் கொஞ்ச நேரம் உறிஞ்சினார்.

"இந்த நாட்டில் நான் போட்ட முதல் ஓட்டே அவருக்குத்தான்" என்றார். அதற்குள் மேசை காலியாகவே, எழுந்து ஆடப் போய்விட்டார்.