வனச்சரகர் வேலை: மீட்புப் பணியா, காவல் பணியா?

கேள்வி: என் மகள் வனவியலில் இளநிலைப் பட்டம் முடித்துவிட்டு, வனச்சரகர் பணிக்கான தேர்வுக்குப் படித்து வருகிறாள். விலங்குகள் மீதுள்ள ஆசையால்தான் இந்தத் துறையைத் தேர்ந்தெடுத்தாள். ஆனால் உறவினர் ஒருவர், "அது கிட்டத்தட்ட போலீஸ் வேலை, இரவு பகல் பார்க்க முடியாது, கோர்ட்டுக்கும் அலைய வேண்டியிருக்கும்" என்கிறார். புலிகள் காப்பகம் போன்ற இடத்தில் ஒரு சரகரின் வேலை உண்மையில் எப்படி இருக்கும்? அவள் இப்போதிருந்தே எதற்குத் தயாராக வேண்டும்? (திண்டுக்கல் வாசகி)

பதில்: உங்கள் உறவினர் சொன்னது தவறில்லை, ஆனால் முழுமையானதும் இல்லை. சரகரின் பணியில் மீட்பையும் சட்டத்தையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது. ஒரே சம்பவ இடத்தில், ஒரே நாளில், பெரும்பாலும் ஒரே ஆள் இரண்டையும் செய்ய வேண்டியிருக்கிறது என்பதுதான் இந்த வேலையின் தனிச்சிக்கல். அதைப் புரிந்துகொண்டால் உங்கள் மகள் எதற்குத் தயாராக வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும்.

முதலில் அமைப்பைப் பார்ப்போம். 688 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள முதுமலை போன்ற ஒரு புலிகள் காப்பகம் பல சரகங்களாகவும், ஒவ்வொரு சரகமும் பல பீட்டுகளாகவும் (காவலர்கள் ரோந்து செல்லும் சிறு பகுதிகள்) பிரிக்கப்பட்டிருக்கும். சரகருக்குக் கீழே வனவர், வனக்காப்பாளர், வனக்காவலர் ஆகியோரும், பெரும்பாலும் உள்ளூர்ப் பழங்குடியினரான வேட்டைத் தடுப்புக் காவலர்களும் இருப்பார்கள். அந்த எல்லைக்குள் தீப் பிடித்தாலும், யானை கிணற்றில் விழுந்தாலும், சாலையில் மான் அடிபட்டாலும், புதரில் சுருக்குக் கம்பி அகப்பட்டாலும், முதலில் அங்கே போய்ச் சேர்ந்து முதல் குறிப்பை எழுதும் பொறுப்பு சரகருக்கும் அவருடைய ஆட்களுக்கும்தான்.

சாதாரண நாள் என்பது பெரும்பாலும் நடையில் கழியும். காவலர்கள் ரோந்து சென்ற பாதை, கண்ட தடயங்கள், நீர்நிலைகளின் நிலை ஆகியவை இப்போது எம்-ஸ்ட்ரைப்ஸ் என்ற கைபேசிச் செயலியில் பதிவாகின்றன. எந்தப் பீட்டில் பல நாள்களாக யாரும் நடக்கவில்லை என்பதை அதைக் கொண்டு சரகர் உடனே கண்டுபிடித்துவிடலாம். சோதனைச் சாவடி, முகாம்களுக்கு அரிசி பருப்பு, ஜீப்புக்கு டீசல், நீதிமன்றத் தேதி என்று மற்றவை அலுவலகத்தில் காத்திருக்கும். தொலைக்காட்சியில் இந்தப் பகுதியை யாரும் காட்டுவதில்லை.

அவசரநிலை என்றதும் விலங்கோடு போராடும் காட்சிதான் நம் மனக்கண்ணில் வருகிறது. நான் கவனித்தவரையில், விலங்கைச் சமாளிப்பதை விட அதைப் பார்க்கக் கூடும் மக்களைச் சமாளிப்பதுதான் கடினம். 2023 மே மாத இறுதியில் அரிக்கொம்பன் யானை கம்பம் நகருக்குள் புகுந்தபோது 144 தடையுத்தரவு போட வேண்டி வந்தது. யானையின் வழியில் அகப்பட்டு இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்த ஒருவர் பின்னர் உயிரிழந்தார். ஜூன் 5ஆம் தேதி மயக்க ஊசி செலுத்திப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காட்டில் விடும்வரை, யானையைப் பின்தொடர்வதோடு வேடிக்கை பார்க்க வந்தவர்களை விலக்கி நிறுத்துவதும் களப்பணியாளர்களின் வேலையாயிற்று.

இங்கே பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. ஆபத்தான விலங்கைச் சுடவோ பிடிக்கவோ சரகர் தாமாக உத்தரவிட முடியாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவின்படி, முதல் அட்டவணையில் உள்ள (யானை, புலி போன்ற, மிகுந்த பாதுகாப்புப் பெற்ற) விலங்கைப் பொறுத்தவரை அந்த அதிகாரம் மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு மட்டுமே உண்டு. அவரும் காரணத்தை எழுத்தில் பதிவுசெய்ய வேண்டும். பிடிக்கவோ மயக்கவோ இடம் மாற்றவோ முடியாது என்ற நிலையில்தான் கொல்வதற்கு அனுமதி தர முடியும். கூடலூர், மசினகுடிப் பகுதியில் டி23 என்று பெயரிடப்பட்ட புலியை மூன்று வாரத் தேடலுக்குப் பின் 2021 அக்டோபர் 15ஆம் தேதி உயிரோடு பிடித்தார்கள். "ஏன் இன்னும் சுடவில்லை?" என்று ஒரு தரப்பும், "சுட்டுவிடாதீர்கள்" என்று மறுதரப்பும் கேட்டுக்கொண்டிருந்த அந்த நாள்களில், இரண்டு கேள்விகளுக்கும் தெருவில் நின்று பதில் சொன்னவர்கள் கீழ்நிலை அலுவலர்கள்தான்.

காட்டுத்தீயைப் பற்றி ஒன்றை மட்டும் சொல்கிறேன். 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றத்துக்குச் சென்றவர்கள் புல்வெளித் தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். காய்ந்த புல் நிறைந்த சரிவில் தீயின் வெப்பம் மேலே உள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுவதால், மனிதர் ஓடுவதைவிட வேகமாக அது மேல்நோக்கி ஏறும். கோடைக்கு முன்பே தீத்தடுப்புக் கோடுகளை வெட்டி வைப்பதும், மலையில் யார் எந்த வழியாக ஏறியிருக்கிறார்கள் என்ற கணக்கைக் கையில் வைத்திருப்பதும் அதனால்தான் மீட்புப் பணியின் முதல் பகுதியாகின்றன. அனுமதி இல்லாமல் ஏறுபவர்களைச் சரகர் தடுக்கும்போது அது கெடுபிடியாகத் தோன்றலாம். ஆனால் யாருக்கும் தெரியாமல் மலையில் இருப்பவரை யாரும் தேடிப் போக முடியாது.

இரண்டு வேலைகளும் ஒன்றாகும் இடத்துக்கு வருகிறேன். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, சட்டவிரோதமாக மின்சாரம் பாய்ச்சிய வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன; இரண்டு குட்டிகள் உயிர் தப்பின. இப்படிப்பட்ட இடத்துக்கு ஒரு சரகர் போய்ச் சேர்ந்தால் என்னென்ன செய்ய வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். முதலில் மின்வாரியத்தை அழைத்து மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும், இல்லையென்றால் மீட்க வருபவரே பலியாவார். தாயின் உடலை விட்டு நகராத குட்டிகளைக் கூட்டத்திடமிருந்து காக்க வேண்டும். அதே நேரத்தில் கம்பியை யாரும் அவிழ்த்துவிடாமலும், கொக்கி எந்தக் கம்பத்தில் மாட்டப்பட்டிருந்தது என்ற தடயம் அழியாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். உதவ வந்தவர்கள் நல்லெண்ணத்தோடு கம்பியைச் சுருட்டி ஓரமாக வைத்தால், வழக்கின் முக்கியச் சான்று அங்கேயே சிதைந்துவிடும். புகைப்படம், சாட்சிகளின் கையொப்பத்தோடு மகஜர் (சம்பவ இடத்தில் கண்டதையும் கைப்பற்றியதையும் எழுதும் பதிவு), வனக் கால்நடை மருத்துவரின் பிரேதப் பரிசோதனை எல்லாம் அதன் பிறகு வரிசையாக நடக்கும். புலி இறந்தாலோ விதி இன்னும் கடுமையானது: வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை ஒவ்வொரு இறப்பையும் வேட்டை என்றே கருதி விசாரிக்க வேண்டும் என்பது தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்.

சட்ட அதிகாரத்தைப் பொறுத்தவரை, வன அலுவலர் போலீஸ்காரர் அல்ல என்றாலும், மேற்சொன்ன சட்டத்தின் 50ஆவது பிரிவு அவருக்கு வலுவான அதிகாரங்களைத் தருகிறது. குற்றம் நடந்திருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்தால் வாகனத்தை நிறுத்தலாம், இடத்தைச் சோதனையிடலாம், பொருள்களைக் கைப்பற்றலாம். அந்த நபர் பின்னர் ஆஜராவார் என்ற நம்பிக்கை இல்லையென்றால், பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம். அப்படிக் கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். ஆனால் சாட்சிகளை வரவழைத்து வாக்குமூலம் பதிவுசெய்யும் அதிகாரம் உதவி வனப்பாதுகாவலர் நிலைக்குக் குறையாத, அரசின் அங்கீகாரம் பெற்ற அலுவலருக்கே உண்டு. அந்தச் சாட்சியமும் குற்றம்சாட்டப்பட்டவரின் முன்னிலையில் பதிவானால்தான் விசாரணையில் ஏற்கப்படும். இந்த எல்லையை மறந்து சரகரே எல்லாவற்றையும் எழுதி முடித்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு வேலை மிச்சம். யானை, புலி போன்றவற்றை வேட்டையாடினால் 3 ஆண்டுகள் முதல் 7 ஆண்டுகள் வரை சிறையும், 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். தண்டனை இவ்வளவு பெரிதாக இருக்கும்போது, மகஜரில் நேரம் மாறியிருப்பது போன்ற சிறு பிழைகூட நீதிமன்றத்தில் பெரிதாகவே பார்க்கப்படும்.

பன்றிக்கு வைத்த அவுட்டுக்காயை (தீனிக்குள் மறைத்த நாட்டு வெடியை) யானை கடித்து வாய் சிதைவது, சாலையோரத்தில் காரை நிறுத்திக் குரங்குக்குத் தீனி போடுவது, யானையோடு செல்ஃபி எடுப்பது என்று மற்ற குற்றங்களுக்கும் குறைவில்லை. முதல் வகைக்கு மோப்ப நாயும் துப்பும் தேவை. மற்ற இரண்டுக்கும் பொறுமை தேவை.

இனி உங்கள் மகளின் தயாரிப்புக்கு வருவோம். வனத் தொழில் பழகுநர் தேர்வைத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்துகிறது. அதில் தேறிப் பயிற்சி முடித்தவர்களே சரகராகிறார்கள். எழுத்துத் தேர்வோடு நடைத் தேர்வும் உண்டு: 4 மணி நேரத்தில் ஆண்கள் 25 கிலோமீட்டரும் பெண்கள் 16 கிலோமீட்டரும் நடக்க வேண்டும். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 9, 11, 27, 50, 51, 55 ஆகிய பிரிவுகளையும், 1882ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டத்தையும் இப்போதே மூலத்திலேயே படிக்கச் சொல்லுங்கள்; கையேடுகளின் சுருக்கம் போதாது. முதலுதவியை முறையாகக் கற்பதும், ஜீப் ஓட்டப் பழகுவதும் நல்லது. பார்த்த ஒரு நிகழ்வை, கருத்து எதையும் கலக்காமல், நேரமும் இடமும் குறிப்பிட்டுத் தமிழில் ஒரு பக்கம் எழுதும் பழக்கத்தையும் தினமும் வைத்துக்கொள்ளட்டும். பணியில் சேர்ந்தபின் அவளுடைய உண்மையான ஆசிரியர்கள் இருளரும் குறும்பரும் காட்டுநாயக்கருமான காவலர்களாக இருப்பார்கள். அவர்கள் வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர்களாக இருந்தும் இவளைத்தான் அதிகாரி என்று அழைப்பார்கள் என்பதையும் அவள் அறிந்திருக்க வேண்டும்.

இரவு பகல் பார்க்க முடியாது என்பது உண்மைதான், அதை மறைத்துப் பயனில்லை. அவளுக்கு இன்னும் தயக்கம் இருந்தால், உரிய அனுமதியோடு நடக்கும் வன உயிரினக் கணக்கெடுப்பில் தன்னார்வலராக இரண்டு மூன்று நாள் முகாமில் தங்கிப் பார்க்கலாம். நடைப் பயிற்சியை மட்டும் தேர்வு அறிவிக்கை வரும்வரை தள்ளிப்போட வேண்டாம்.