தனியார் பள்ளிகளை அரசு நேரில் போய்ப் பார்க்கிறதா, அங்கீகாரம் வெறும் காகிதம்தானா?

மகளை எல்கேஜியில் சேர்க்கப் போகிற ஒருவர் இங்கே கேட்டிருக்கிறார்: 'அரசு அங்கீகாரம் பெற்றது' என்று பள்ளி வாசலில் பெரிதாக எழுதியிருக்கிறார்களே, அதை எவ்வளவு தூரம் நம்பலாம், அரசாங்கம் எதையாவது போய்ப் பார்க்கிறதா, இல்லை எல்லாம் கண்துடைப்புதானா?

டெல்டா பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியின் அலுவலகத்தில் சில வருடங்கள் வேலை பார்த்திருக்கிறேன். அங்கீகாரப் புதுப்பிப்புக் கோப்பு என் மேஜையில்தான் தயாராகும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். கண்துடைப்பு என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது. அரசு பார்க்கத்தான் செய்கிறது. ஆனால் பள்ளி விஷயத்தில் அது பார்ப்பது பெரும்பாலும் கோப்பை. கையால் தொட்டு, தட்டிப் பார்க்கிற பொருள் ஒன்றே ஒன்றுதான். அது பேருந்து. ஏன் அப்படி என்று கீழே சொல்கிறேன்.

முதலில் கோப்பு. தமிழ்நாட்டில் ஒரு தனியார் பள்ளிக்கு அங்கீகாரம் புதுப்பிக்க நான்கு சான்றுகள் கண்டிப்பாக வேண்டும். தாசில்தார் தருகிற கட்டட உரிமம், பொறியாளர் தருகிற கட்டட உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று. அலுவலகத்தில் யாரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள். 'ஸ்டெபிலிட்டி வந்துடுச்சா, ஃபயர் வந்துடுச்சா, சானிட்டரி எங்கே நிக்குது' என்றுதான் பேச்சு. நான்கும் நான்கு வெவ்வேறு அலுவலகங்களிலிருந்து வர வேண்டும், காலாவதியாகும் தேதிகளும் வேறு வேறு. கல்வித் துறை அதிகாரியின் வேலை என்ன? நான்கும் இருக்கிறதா, தேதி முடியாமல் இருக்கிறதா என்று பார்ப்பது. மாடிச் சுவரில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை இல்லை, அதற்குப் பொறியாளர் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே. பொறியாளரோ, கல்வித் துறை வந்து பார்க்கப் போகிறது என்ற நினைப்பில் இருப்பார். நான் வேலை பார்த்த இடத்துக்கு வந்த பொறியாளர் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து காபி குடித்தபடியே அறைகளின் நீள அகலத்தைப் பழைய சான்றிலிருந்து எடுத்து எழுதிக்கொண்டு போனார். மாடிப்படியில் கால் வைக்கவில்லை. கட்டடம் நன்றாகத்தான் இருந்தது, அது வேறு விஷயம். நன்றாக இல்லாமல் இருந்திருந்தாலும் அதே சான்றுதான் வந்திருக்கும்.

ஆய்வு நாள் தெரிந்துவிட்டால் ஒரு கல்யாண வீட்டுப் பரபரப்பு வந்துவிடும். சிவப்பு வாளிகளில் புது மணல், கழிப்பறையில் பினாயில், தீயணைப்பு உருளையின் கழுத்தில் புதிதாக ஓர் அட்டை. உருளையைத் திறந்து பார்த்த அதிகாரி ஒருவரையும் நான் பார்த்ததில்லை. அட்டையில் இருக்கும் தேதியைக் குறித்துக்கொள்வார்கள். அவ்வளவுதான்.

இந்தச் சான்றுகளை அரசு இவ்வளவு கறாராகக் கேட்க ஆரம்பித்தது கும்பகோணத்துக்குப் பிறகுதான். 2004 ஜூலை 16. ஒரே கட்டடத்தில் இயங்கிய பள்ளிகள், சத்துணவு சமைத்த இடத்தில் பிடித்த தீ, மேலே கீற்றுக் கூரை, குறுகலான படி. 94 குழந்தைகள் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்று வந்தது, நீதிபதி சம்பத் விசாரணை ஆணையம் வந்தது. வழக்கு பத்து வருடம் இழுத்து, 2014 ஜூலை 30 அன்று தஞ்சாவூர் நீதிமன்றம் 10 பேருக்குத் தண்டனை கொடுத்து 11 பேரை விடுவித்தது. பள்ளி நிறுவனருக்குக் கிடைத்த ஆயுள் தண்டனையை, 2017-இல் உயர் நீதிமன்றம் அவர் அதுவரை சிறையில் கழித்த காலமாகக் குறைத்தது. கீற்றுக் கூரை விஷயத்தில் மட்டும் அரசை நான் குறை சொல்ல மாட்டேன். அது தெருவில் நின்று பார்த்தாலே தெரிகிற பொருள், அதனால் உண்மையிலேயே ஒழிந்தது. சான்றால் மட்டுமே தெரிய வேண்டிய மற்றதெல்லாம் சான்றாகவே நின்றுவிட்டது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. விதியைப் போட்ட அரசே அதை நீட்டி நீட்டிக் கொடுக்கும். பள்ளிக்குக் குறைந்தபட்ச இடம் இவ்வளவு என்று அரசு அமைத்த சிட்டிபாபு குழு வரையறுத்தது. மாநகராட்சியில் 6 கிரவுண்டு, கிராமத்தில் 3 ஏக்கர் என்று இடத்துக்கு ஏற்றபடி. அந்த அளவு இல்லாத 746 பள்ளிகளுக்குத் தற்காலிக அங்கீகாரம் கொடுத்தே ஓட்டினார்கள். நகர ஊரமைப்புத் துறையின் அனுமதி இல்லாத கட்டடங்களுக்கும் இதே கதை. காரணம் சுலபம். மூடினால் அதில் படிக்கிற பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் உட்கார வைப்பது? ஜூன் மாதம் நெருங்க நெருங்க எந்த அரசுக்கும் அந்தத் தைரியம் வராது. பள்ளி நிர்வாகங்களுக்கும் இது நன்றாகத் தெரியும். தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது 2018-இல், அதற்கான விதிகள் வந்தது 2023-இல். நடுவில் ஐந்து வருடம் என்ன நடந்தது என்று கேட்டால், பழையபடியே நடந்தது.

அப்புறம் பேருந்து. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே ஓடிக்கொண்டிருந்த பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக ஓர் இரண்டாம் வகுப்புச் சிறுமி விழுந்து இறந்தாள். உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது, அந்த ஆண்டே பள்ளி வாகனங்களுக்கென்று தனிச் சிறப்பு விதிகள் வந்தன. 2022 மார்ச்சில் சென்னையில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே ஒரு சிறுவன் வேனில் அடிபட்டு இறந்த பிறகு, முன்னும் பின்னும் கேமராவும் உணர்கருவியும் வேண்டும் என்று சேர்த்தார்கள்.

இதுவும் ஒரு சாவுக்குப் பிறகு வந்த விதிதான். ஆனால் இது காகிதத்தோடு நிற்கவில்லை. ஒவ்வொரு மே மாதமும் மாவட்டத்தில் உள்ள பள்ளி வாகனங்களை ஆயுதப்படை மைதானம் மாதிரி ஓர் இடத்துக்கு ஓட்டி வரச் சொல்வார்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலர், வருவாய்த் துறை, காவல் துறை, கல்வித் துறை எல்லாரும் ஒன்றாக நிற்பார்கள். ஒருமுறை எங்கள் ஓட்டுநர்களுடன் நானும் போயிருந்தேன். பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டிக்குள் ஏறி, நடைபாதையில் மண்டியிட்டு, பலகையை ஓர் இரும்புக் கம்பியால் இடம் இடமாகத் தட்டிக்கொண்டே வந்தார். சத்தம் மாறிய இடத்தில் நின்று, ரப்பர் விரிப்பைத் தூக்கச் சொன்னார். பின்பக்க அவசர வழியைத் திறக்கச் சொன்னார். துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. 'தெறக்கலைன்னா எதுக்குப்பா இது, அழகுக்கா?' என்று கேட்டுவிட்டு, சரி செய்துகொண்டு அடுத்த வாரம் வா என்று திருப்பி அனுப்பினார். திருப்பி அனுப்பிய வண்டி எங்களுடையது. நிர்வாகம் மறுநாளே லேத்துக்கு அனுப்பியது. பள்ளி திறக்க இன்னும் நாள் இருந்தது, ஒரு வண்டி நின்றால் பள்ளி மூடாது, அதனால் அவரால் 'முடியாது' என்று சொல்ல முடிந்தது. கட்டடத்தைப் பார்க்கிற அதிகாரிக்கு அந்த வசதி இல்லை. என் கணக்கில் மொத்த வித்தியாசமும் இதுதான்.

'சரி, தனியார் பள்ளி வேண்டாம், அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ பாதுகாப்பானதா' என்று அடுத்து கேட்பீர்கள். அங்கே சிக்கல் வேறு, பணம். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் நூற்றாண்டு கடந்த ஓர் உதவி பெறும் பள்ளியில் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். உதவி பெறும் பள்ளி என்றால் ஆசிரியர் சம்பளம் அரசு கொடுக்கும், கட்டடம் நிர்வாகத்தின் பொறுப்பு. கட்டணம் வாங்க முடியாத நிர்வாகத்துக்குக் கட்டடத்துக்குப் பணம் எங்கிருந்து வரும்? முன்னாள் மாணவர்கள் கொடுத்தால் உண்டு. அந்த விபத்துக்குப் பிறகு மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். இடித்தது வேகமாக நடந்தது. புதிதாகக் கட்டுவது அதே வேகத்தில் நடக்கவில்லை, பல ஊர்களில் பிள்ளைகள் கொஞ்ச காலம் மரத்தடியிலும் சமுதாயக் கூடத்திலும் உட்கார்ந்தார்கள்.

இதோடு மத்திய அரசின் பணமும் சிக்கிக்கொண்டது. பள்ளிக் கல்விக்கு இரண்டு அரசுகளும் சேர்ந்து பணம் போடுகிற சமக்ர சிக்ஷா திட்டத்தில் மத்திய அரசு 60, மாநிலம் 40 சதவீதம் என்று பங்கு. பிஎம் ஸ்ரீ என்பது மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டம், அதில் சேர்ந்தால் தேசியக் கல்விக் கொள்கையை ஏற்க வேண்டும். அந்த ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்துப் போடவில்லை என்பதால், 2024-25க்குத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாய் நிறுத்தி வைக்கப்பட்டது. மாநில அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் போனது. தேசியக் கல்விக் கொள்கை நல்லதா கெட்டதா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஆனால் கண்காணிக்கிறவரும் பணம் கொடுக்கிறவரும் ஒருவரே என்றால், பணத்தை நிறுத்துவதே கண்காணிப்பு என்று ஆகிவிடுகிறது. அதில் அடிபடுவது எந்த ஒப்பந்தமும் தெரியாத பிள்ளைகள்.

எப்படி அடிபடுகிறார்கள் என்பதற்கு உங்கள் எல்கேஜி விஷயமே உதாரணம். கல்வி உரிமைச் சட்டப்படி சிறுபான்மை அல்லாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிந்த, பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றித் தர வேண்டும், அந்தச் செலவை அரசு பள்ளிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தப் பணமும் இதே திட்டம் வழியாகத்தான் வருகிறது. வழக்கமாகக் கோடையில் நடக்கிற சேர்க்கை, 2025-26க்கு அக்டோபரில்தான் தொடங்கியது. அதற்குள் எந்தப் பெற்றோர் காத்திருப்பார்? பலர் கடன் வாங்கி ஜூனிலேயே கட்டணம் கட்டிச் சேர்த்துவிட்டார்கள். பாக்கி வராத பள்ளிகளும் முதலில் கை வைப்பது பராமரிப்புச் செலவில்தான். சம்பளத்தை நிறுத்தினால் ஆசிரியர் போய்விடுவார், பெயின்ட் அடிப்பதையும் கைப்பிடிச் சுவர் கட்டுவதையும் அடுத்த வருடத்துக்குத் தள்ளினால் யாருக்கும் தெரியாது.

கட்டணத்தைப் பற்றிச் சுருக்கமாக. 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் உள்ள குழுதான் ஒவ்வொரு பள்ளிக்கும் கட்டணம் நிர்ணயிக்கிறது. உங்கள் பள்ளிக்கு எவ்வளவு என்று கேளுங்கள். அந்தத் தொகைக்கும் நீங்கள் கட்டப்போகிற தொகைக்கும் நடுவில் 'ஆக்டிவிட்டி', 'ஸ்மார்ட் கிளாஸ்' என்று என்னவெல்லாம் நுழைந்திருக்கிறது என்று பார்த்தாலே நிர்வாகத்தின் குணம் பாதி தெரிந்துவிடும். ரசீது தராத பணத்துக்கு யாரிடமும் முறையிட முடியாது, அதனால் ரசீது இல்லாமல் கட்டாதீர்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்? சேர்க்கைக்குப் போகிற அன்று நான்கு சான்றுகளையும் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். நல்ல பள்ளி அலுவலகத்தில் கண்ணாடி ஃப்ரேம் போட்டு மாட்டியே வைத்திருப்பார்கள். முகம் சுளித்தால் அதுவும் ஒரு தகவல்தான். காகிதத்தைப் பார்த்த பிறகு, அதிகாரி ஏறாத மாடியில் நீங்கள் ஏறுங்கள். எல்கேஜி, யுகேஜி வகுப்புகள் தரைத்தளத்தில் இருக்கின்றனவா, மாடிக்கு இரண்டு படிக்கட்டுகள் உண்டா, வகுப்பு நடக்கும்போது இரண்டாவது படியின் இரும்புக் கதவு பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பூட்டித்தான் இருக்கும் பல இடங்களில், 'பசங்க ஓடிடுவாங்க சார்' என்பார்கள். அந்தப் பூட்டைத் திறக்க வைப்பதற்கு எந்தத் துறையும் வேண்டாம், நான்கு பெற்றோர் சேர்ந்து கேட்டால் போதும். அரசு, உதவி பெறும் பள்ளிகளில் பெற்றோர் பெரும்பான்மையாக இருக்கிற பள்ளி மேலாண்மைக் குழு சட்டப்படி உண்டு. உதவி பெறாத தனியார் பள்ளிக்குக் கல்வி உரிமைச் சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை, அதனால் அங்கே நீங்களாகத்தான் சேர்ந்து கேட்க வேண்டும்.

கேட்டும் காட்டவில்லை என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். உங்கள் மாவட்டத்தில் தனியார் பள்ளிகளுக்கென்று இருக்கிற மாவட்டக் கல்வி அலுவலரின் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்ப வேண்டும். 'பள்ளி பாதுகாப்பானதா' என்று கேட்டால் பதில் வராது, அது தகவல் இல்லை, கருத்து என்று திருப்பிவிடுவார்கள். கடைசியாக நடந்த ஆய்வு அறிக்கையின் நகல், நான்கு சான்றுகளின் நகல், இப்போதைய அங்கீகாரம் எந்தத் தேதி வரை, அது முழு அங்கீகாரமா தற்காலிகமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். மார்ச்சுக்கு முன்பே போட்டுவிடுங்கள், ஏப்ரல், மே வந்தால் அந்த அலுவலகமே தேர்வு வேலையில் மூழ்கியிருக்கும்.