கேளுங்க, சொல்லுறன்: இந்த முறை எல்லாம் கடைச் சாப்பாடு

வெளியில சாப்பிடுறதப் பத்தி கேள்வி அனுப்புங்க எண்டு போன இதழ்ல ஒரு வரி போட்டம், அவ்வளவுதான், வந்து குவிஞ்சிட்டு. பாதிப் பேர் கடைப் பேர் கேட்டிருக்கீங்க. பேர் சொல்ல மாட்டன், சொன்னா விளம்பரக் காசு வாங்கிட்டான் எண்டு நீங்களே ஏசுவீங்க. மத்ததெல்லாம் சொல்லுறன்.

ஓகஸ்ட் லீவுக்குக் குடும்பமா பாசிக்குடா வாறம். மட்டக்களப்புப் பக்கம் நல்ல சாப்பாட்டுக் கடை எது? ஒண்டே ஒண்டு சொல்லுங்க போதும்.
வாசகர், வெள்ளவத்தை

ஒண்டு எண்டா ஏலாது தம்பி. இஞ்ச ஒவ்வொரு கடைக்கும் ஒரு நேரம் இருக்கு, அந்த நேரத்துல போனாத்தான் அது நல்ல கடை. ராவைக்கு கொத்து ரொட்டி மட்டும் அருமையா அடிக்கிற கடையில போய் பகல் சோத்துப் பார்சல் வாங்கித் திண்டுட்டு, மட்டக்களப்புச் சாப்பாடு எண்டா இவ்வளவுதானா எண்டு சொல்லிட்டுப் போறவங்கள நான் கனக்கக் கண்டிருக்கன், அது கடைட பிழை இல்ல, போன நேரத்துட பிழை.

காலையில இடியப்பம், பிட்டு. இத கனக்க இடத்துல கடைக்காரர் அவிக்கிறதே இல்ல, பக்கத்துல இருக்கிற வீடுகள்ல பொம்பிளைகள் விடியச் சாமத்துல எழும்பி அவிச்சுக் குடுக்கிறதுதான் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வந்து நிக்கும். எட்டரை, ஒன்பது மணிக்குப் போனா தட்டுல ஒட்டிக்கிடக்கிற காஞ்சதுதான் கிடைக்கும், ஏழு மணிக்குப் போங்க, சம்பலும் சொதியும் அப்பத்தான் சூடா இருக்கும்.

பகல் சோறுதான் முக்கியம். விடியச் சந்தைக்கு வந்த ஆத்து மீன், இறால், நண்டு எல்லாம் பதினொண்டரை, பன்னிரண்டுக்குச் சட்டியில இருந்து இறங்கும், நல்ல கடை எண்டா ஒண்டரைக்குள்ள முடிஞ்சிடும். முருங்கை இலை போட்ட நண்டுக் கறி, கீரைச் சுண்டல், ஒரு புளியாணம், இதுகளோட சோறு கிடைச்சா வேற ஒண்டும் கேக்காதீங்க. ரெண்டு மணிக்குப் போய் உக்காந்தா பொரிச்ச கோழியும் பருப்பும்தான், பிறகு என்ன ஏசாதீங்க.

பாசிக்குடாவில பெரிய ஹோட்டல் பஃபே ஒரு நேரத்துக்குச் சரி, ஆனா வெள்ளைக்காரருக்காக உறைப்பக் குறைச்சு வச்சிருப்பாங்க, அதையே மூணு நேரமும் சாப்பிடுறதுக்கா கொழும்புல இருந்து இவ்வளவு தூரம் வாறீங்க? ஒரு ஓட்டோ பிடிச்சு வாழைச்சேனைக்கோ ஓட்டமாவடிக்கோ போங்க, கிட்டத்தான்.

மட்டக்களப்புல இருந்து அறுகம்பே வரைக்கும் வேன்ல போறம். வழியில எங்க நிப்பாட்டிச் சாப்பிடலாம்?
வாசகி, செங்கலடி

இது நல்ல கேள்வி, ஏனெண்டா இந்த ஏ4 வீதி மாதிரி சாப்பாடு மாறிட்டே போற ரோட்டு இலங்கையில குறைவு. கல்லடிப் பாலம் தாண்டி கொஞ்ச நேரத்துல காத்தான்குடி, முஸ்லிம் ஊர், பிறகு ஆரையம்பதி, செட்டிபாளையம், களுதாவளை, களுவாஞ்சிக்குடி எண்டு வரிசையா தமிழ் ஊர்கள், பிறகு மருதமுனை முஸ்லிம், பாண்டிருப்பு தமிழ், கல்முனை ரெண்டும் கலந்தது, சாய்ந்தமருது முஸ்லிம், காரைதீவு தமிழ், நிந்தவூர் முஸ்லிம், இப்பிடியே அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில் தாண்டி பொத்துவில் வரைக்கும் மாறி மாறி வரும். கறித்தூள் மாறும், இறைச்சி மாறும், பின்னேரத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள அடுக்கி இருக்கிற பலகாரம் கூட மாறும்.

வெள்ளிக்கிழமை போறதெண்டா மட்டும் கொஞ்சம் யோசிங்க. பன்னிரண்டு மணிக்குப் பிறகு முஸ்லிம் ஊர்கள்ல ஷட்டர் இறங்கிடும், ஜும்மா முடிஞ்சுதான் திறக்கும். அதே நாள் தமிழ் ஊர்கள்ல கொஞ்சக் கடையில மச்சம், அதாவது மீன் இறைச்சி, இருக்காது. அதனால வெள்ளிக்கிழமை பகல் பசியோட இந்த ரோட்டுல இறைச்சிக் கறி தேடித் திரிஞ்சா சரியான கஷ்டம், ஒண்டில் பதினொண்டரைக்குச் சாப்பிடுங்க, இல்லாட்டி மரக்கறிச் சோறுக்கு மனச ஆயத்தப்படுத்துங்க. நோன்பு மாசத்துலயும் பகல்ல இந்தக் கடைகள் மூடித்தான் இருக்கும், ஆனா பின்னேரம் அஞ்சு மணிக்குப் பாருங்க, கஞ்சியும் சமோசாவும் ரோலுமா ரோட்டோரமே நிறைஞ்சு கிடக்கும்.

அறுகம்பே வேற உலகம். அங்க சித்திரைக்குப் பிறகு ஐப்பசி வரைக்கும்தான் சீசன், சேர்ஃபிங்குக்கு வாறவங்களுக்காக பீட்சாவும் பேன்கேக்கும் ஸ்மூதியும் போடுற கடைகள், விலையும் அதுக்கேத்த மாதிரி. மாரி தொடங்கினா அதுல பாதிக்கு மேல பூட்டு. உள்ளூர்ச் சாப்பாடு வேணுமெண்டா அப்பிடியே பொத்துவில் டவுனுக்குக் கிறுகிப் போங்க.

கொத்து ரொட்டி எங்கட மட்டக்களப்புலதான் பிறந்தது எண்டு நான் சொல்லுறன், கூட வேலை செய்யிற கண்டிப் பொடியன் சிரிக்கிறான். தீர்ப்புச் சொல்லுங்க.
வாசகர், ஏறாவூர்

சிரிக்கட்டும், விடுங்க. கிழக்குக் கரையில முஸ்லிம் கடைகள்ல மிஞ்சின ரொட்டியக் கொத்திக் கறி ஊத்திக் குடுத்ததுலதான் தொடங்கினது எண்டு கனக்கப் பேர் சொல்லுறாங்க, நாடு முழுக்க உரிமை கேக்கிறவங்களும் இருக்காங்க. எனக்கு அதவிட எப்பிடி அடிக்கிறாங்க எண்டதுதான் கணக்கு.

நல்ல கொத்துக் கடையில தட்டுக்குக் கிட்ட நிண்டு பாருங்க. முதல்ல வெங்காயமும் பச்சைமிளகாயும் லீக்ஸும் எண்ணெயில வதங்கும், முட்டை உடைச்சு ஊத்தி அது பாதி இறுகினதும்தான் வெட்டின வீச்சு ரொட்டி மேல விழும், மறுகாத்தான் ரெண்டு தகடும் இறங்கும். சத்தம் பெருசா வந்தாக் காணாது, இடையிடையில கறிக்குழம்பு கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி ரொட்டி அத உறிஞ்ச விடணும். அவசரக்காரன் எல்லாத்தையும் ஒண்டாப் போட்டு அடிப்பான், அது வாயில காஞ்ச ரொட்டியும் தனியாக் குழம்புமாத்தான் வரும். சீஸ் கொத்து எண்டு வந்திருக்கிறது புள்ளையளுக்கு விருப்பம், எனக்கு ஆகாது, அவ்வளவு நல்ல இறைச்சிக் குழம்ப சீஸுக்குள்ள மறைக்கிறது என்ன நியாயம். ராவைக்கு லேசா வேணுமெண்டா இடியப்பக் கொத்துக் கேளுங்க.

உங்கட நண்பன ஒரு நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. ஒன்பது மணிக்குப் பிறகு.

அம்மா சுத்த சைவம். வெளியில கூட்டிட்டுப் போகப் பயமா இருக்கு.
வாசகி, கல்முனை

டவுன்ல சைவக் கடைகள்ல பயமில்ல, தோசை, வடை, ஊத்தப்பம் எல்லாம் சூடா இருக்கும். மத்தக் கடையில மரக்கறிச் சோறு எண்டு தந்தாலும் சம்பலுக்குள்ள மாசி, அதான் காயவச்ச மீன், கிடக்கும், சில நேரம் சொதியிலயும். சமைக்கிறவங்க அத மீனாவே நினைக்க மாட்டாங்க. அதனால "மச்சம் இல்லையா" எண்டு கேக்காதீங்க, "மாசி போட்டதா" எண்டு கேளுங்க.

சாய்ந்தமருதுல கூட்டாளிட கல்யாணம். சஹன்ல இருந்து சாப்பிடணுமாம். எப்பிடிச் சாப்பிடுறது, வெக்கமா இருக்கு.
வாசகர், பெரியகல்லாறு

வெக்கப்பட ஒண்டுமில்ல மனே. ஒரு பெரிய தட்டுல நெய்ச்சோறோ பிரியாணியோ போட்டு, சுத்திவர ஆறு பேர் இருந்து சாப்பிடுறது. உங்கட முன்னால இருக்கிற பக்கத்துல இருந்து மட்டும் எடுங்க, நடுவில கை விடாதீங்க, இறைச்சி உங்கட பக்கம் வராட்டி பயப்படாதீங்க, பக்கத்துல இருக்கிற பெரியவர் பிச்சு உங்கட பக்கம் தள்ளுவார், அதுதான் அங்க மரியாதை. வட்டிலப்பம் கடைசியில வரும், வயித்துல இடம் வையுங்க. கல்யாணம் இல்லாமலே சாப்பிட ஆசை எண்டா, கூட்டமாப் போறவங்களுக்கு இப்ப கடைகள்லயும் ஓடர் எடுத்துச் செய்யிறாங்க, ஆனா முதல் நாளே சொல்லணும்.

ஒரு கடையில அரை லீட்டர் தண்ணிப் போத்தலுக்கு 120 ரூபா எடுத்தாங்க. கேட்டா "ஏசி இருக்கு" எண்டுறாங்க. இது சரியா?
வாசகர், அக்கரைப்பற்று

சரியில்ல. 2025 ஏப்ரல்ல இருந்து போத்தல் தண்ணிக்கு உச்ச விலை வர்த்தமானியில போட்டாச்சு: 500 மில்லிலீட்டர் 70 ரூபா, 1 லீட்டர் 100, 1.5 லீட்டர் 130. ஏசிக் காத்துக்குக் காசு வேணுமெண்டா சேவைக் கட்டணம் எண்டு பில்லுல வேறயாப் போடட்டும், தண்ணி விலையில ஏத்த ஏலாது. பில்லக் கட்டாயம் கேட்டு வாங்குங்க, பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 எண்டு அடிச்சா முறைப்பாடு எடுப்பாங்க. பில் இல்லாமப் போனா வாய்ப் பேச்சுத்தான். சின்னக் கடைகள்ல கூசாவில வச்சிருக்கிற தண்ணி சும்மாதான் தாறாங்க எண்டதையும் சொல்லணும்.

வீட்டுல பின்னேரத்துல அப்பமும் இடியப்பமும் போட்டு விக்க யோசிக்கிறன். என்ன செய்யணும்?
வாசகி, ஆரையம்பதி

செய்யுங்க புள்ள. வியாபாரப் பேர் பதியிறது பிரதேச செயலகத்துல, வியாபார அனுமதிப்பத்திரம் பிரதேச சபையில. பி.எச்.ஐ., அதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து அடுப்படி, கிணறு, கழிவுத் தண்ணி போற இடம் எல்லாம் பாப்பார், அவர எதிரியா நினைக்காம முதலே போய் என்னென்ன வேணுமெண்டு கேட்டு வாங்க. பொலித்தீன் லஞ்ச் சீட் 2017 செப்டம்பர்ல இருந்தே தடை, வாழை இலை உங்கட வளவுலயே நிக்கும்தானே.

எல்லாத்தையும் ஒண்டாத் தொடங்காதீங்க. ஒரு மாசத்துக்கு இடியப்பமும் ஒரு சம்பலும் மட்டும் போடுங்க, ஆனா தினமும் ஒரே நேரத்துக்கு. நாலரை எண்டா நாலரைக்கு. சனம் ருசியப் பாத்து ஒரு தரம் வரும், நேரத்த நம்பித்தான் ஒவ்வொரு நாளும் வரும்.

மட்டக்களப்புத் தயிர் கொழும்புக்குக் கொண்டுபோனா புளிக்குது. வழி இருக்கா?
வாசகர், தெஹிவளை

பகல்ல வாங்கி வெயில்ல பஸ்ல வச்சுட்டுப் போனா புளிக்காம என்ன செய்யும். ராத்திரி ரயிலுக்குப் போறதெண்டா பின்னேரம் கடைசியா வாங்குங்க, உதயதேவி ரயில்ல காலையில போறதெண்டா முதல் நாள் ராவு வாங்கி ஃப்ரிட்ஜ்ல வையுங்க. எருமைத் தயிரா எண்டு கேளுங்க. மண் சட்டி தண்ணிய இழுக்கிறதாலதான் அந்தக் கட்டி வாறது, பிளாஸ்டிக் கப்புல அது வராது, பாரமா இருக்கு எண்டு கப்புல வாங்காதீங்க. விரலால சட்டிட வெளிப்பக்கத்தத் தடவிப் பாருங்க, ஈரம் கசிஞ்சு குளிரா இருந்தா நல்லது. சட்டியச் சரிச்சு வச்சா மேல கட்டின பேப்பரால ஒழுகும், ரெண்டு சட்டிய ஒண்டுக்கு மேல ஒண்டு வச்சுக் கயிறு போட்டுத் தரச் சொல்லுங்க, கடைக்காரங்களே கட்டித் தருவாங்க, அதுக்குக் காசும் எடுக்க மாட்டாங்க.