திரும்பிப் போக வேண்டாம் என்று ஏன் தோன்றுகிறது: கனடாவுக்கு வந்து நான்கு மாதமான தங்கைக்கு

கனடாவுக்குப் படிக்க வந்து நான்கு மாதம் ஆகிறது, திரும்பிப் போகவே வேண்டாம் என்று தோன்றுகிறது, கூடப் படிக்கும் பையன்கள் கடனை அடைத்து நாலு காசு சேர்ந்ததும் ஊருக்குப் போய்விடலாம் என்று பேசுகிறார்கள், பெண்கள் மட்டும் யாரும் அப்படிப் பேசுவதில்லை, இது ஏன் அக்கா, இந்த எண்ணம் நிலைக்குமா, இங்கே பிஆர், அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை, உள்ள ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டால் எல்லாம் சுலபமாக முடியும் என்று வீட்டில் சொல்கிறார்களே, அது சரியா என்று ஒரே மூச்சில் கேட்டிருந்தீர்கள். நான் வந்து 14 வருடம் ஆகிறது. நீங்கள் இப்போது இருக்கும் அதே இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. இந்த ஆசைக்காக நீங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. சம்பளம், குளிர், சுத்தமான ரோடு என்று நாம் வெளியே சொல்லும் காரணங்கள் எல்லாம் கேட்பவர்களைச் சமாதானப்படுத்தச் சொல்பவைதான். உள்ளே இருக்கும் காரணம் வேறு.

முதல் வருடம் டொரண்டோவில் ராத்திரி பதினோரு மணிக்கு வேலை முடிந்து பஸ்ஸில் வருவேன். இறங்கும் நிறுத்தத்திலிருந்து வீடு வரை இருட்டில் நடக்க வேண்டும். கூட வேலை பார்த்த ஒரு பெண் சொன்னாள், ஒன்பது மணிக்கு மேல் டிரைவரிடம் கேட்டால் இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவிலேயே நிறுத்துவார், ஒரு நிறுத்தம் முன்னாலேயே சொல்லிவிட்டு முன் கதவு வழியாக இறங்க வேண்டும், அவ்வளவுதான் என்று. ராத்திரியில் தனியாக வரும் பெண்களுக்காக டொரண்டோவில் பஸ் ஓட்டும் நிறுவனமான டிடிசி 1991-இல் கொண்டுவந்த ஏற்பாடு அது, இப்போது எல்லோருக்கும் உண்டு. தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். அந்த மனிதர் தலையை ஆட்டிவிட்டு என் தெருமுனையில் நிறுத்தினார். இந்த நேரத்தில் ஏன் தனியாக வருகிறாய் என்று கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் அப்படியே உட்கார்ந்து அழுதேன். அதுவரை என் பாதுகாப்புக்காக எல்லோரும் சொல்லிக்கொடுத்த ஒரே வழி, இருட்டியதும் வெளியே போகாதே என்பதுதான். நான் வெளியேதான் இருப்பேன் என்று எடுத்துக்கொண்டு, அதற்கு ஏற்ப ஒரு பஸ்ஸை நிறுத்தலாம் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள் என்பது எனக்குப் புதிது.

இங்கே பெண்களுக்கு ஆபத்தே கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்குள் அடி வாங்கும் பெண்கள் இங்கேயும் இருக்கிறார்கள், வாடகை வீட்டில் தொல்லை கொடுக்கும் ஆட்களும் இருக்கிறார்கள், நம் ஆட்களும் அதில் உண்டு. ஆனால் புகார் சொல்லப் போனால் முதல் கேள்வி நம்மைப் பற்றியதாக இருக்காது என்ற நம்பிக்கை இங்கே எனக்குக் கொஞ்சம் அதிகம்.

சரி, ஏன் நிரந்தரமாக? பையன்கள் திரும்பிப் போனால் சேர்த்த பணத்தோடு, வெளிநாட்டில் இருந்தவர் என்ற மதிப்போடு போகிறார்கள். போன இடத்தில் அவர்களுக்கு எதுவும் குறைவதில்லை. என் தோழி ஒருத்தி ஐந்து வருடம் இங்கே இருந்துவிட்டு, அம்மா அப்பாவோடு இருக்கலாம் என்று 31 வயதில் ஆசையாகத்தான் போனாள். நல்ல வேலை, நல்ல சம்பளம். மூன்றாவது மாதமே எத்தனை மணிக்கு வருவாய், யாரோடு போகிறாய் என்ற கேள்விகள் திரும்ப வந்துவிட்டன. அவளுடைய அம்மா அப்பா கெட்டவர்கள் இல்லை, பாசமானவர்கள். ஆனால் அந்த வீட்டில் அவளுக்காக இருந்த இடம், அவள் கிளம்பும்போது இருந்த 26 வயதுப் பெண்ணின் இடம், அதிலேயே மறுபடி உட்காரச் சொன்னார்கள். இங்கே தனக்கென்று ஒரு வீடு எடுத்து, சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டு, தப்பான முடிவையும் தானே எடுத்துத் தானே சரிசெய்து பழகியவளால் அதில் உட்கார முடியவில்லை. பிஆர் போகாமல் இருக்க ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவில் இருக்க வேண்டும் என்பதால், தன் கணக்கில் எத்தனை நாள் மிச்சம் என்று எண்ணிக்கொண்டே இருந்தவள் இரண்டு வருடத்தில் திரும்பி வந்துவிட்டாள். பணத்தை எடுத்துப் போக முடிந்த அவளால் அந்தச் சாவியை எடுத்துப் போக முடியவில்லை. பெண்கள் திரும்புவதைப் பற்றிப் பேசாமல் இருப்பதற்கு நான் கண்ட காரணம் இதுதான்.

அப்புறம் உங்கள் மூன்றாவது கேள்வி. இதில்தான் எனக்குக் கவலை.

பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றார்கள். பிஆருக்காகச் செய்துகொள்ளாதீர்கள். உங்களுக்கு வேண்டியது உங்கள் முடிவு உங்கள் கையில் இருப்பது என்றால், அதை வாங்கித்தரும் பேப்பரை இன்னொருவர் கையில் கொடுப்பது எப்படிச் சரியாகும்? கணவர் ஸ்பான்சர் செய்தால், அதாவது தன் பொறுப்பில் உங்களுக்கு பிஆர் கேட்டு விண்ணப்பித்தால், உங்களுக்கு பிஆர் கிடைக்கும் நாள்வரை அவர் அந்த விண்ணப்பத்தைத் திரும்பப் பெற முடியும். கிடைத்த பிறகு முடியாது. அதன்பின் கல்யாணம் முறிந்தாலும் உங்கள் பிஆர் உங்களுடையதுதான், உங்கள் அடிப்படைச் செலவைப் பார்த்துக்கொள்வதாக ஸ்பான்சர் செய்தவர் ஏற்ற மூன்று வருடப் பொறுப்பும் அப்படியே இருக்கும். இடையில் 2012 முதல் 2017 வரை, உறவு இரண்டு வருடத்துக்குக் குறைவாக இருந்து குழந்தையும் இல்லை என்றால், பிஆர் கிடைத்த பிறகும் இரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தே ஆக வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. கொடுமை நடந்தால் விலக்கு உண்டு என்று அதிலேயே எழுதியிருந்தது, ஆனால் அது எத்தனை பேருக்குத் தெரியும்?

எனக்குத் தெரிந்த ஒரு பெண் அந்தக் காலத்தில் வந்தவள். முதுகலைப் படிப்பு படித்தவள். எல்லாக் கடிதமும் கணவருடைய ஈமெயிலுக்குப் போனது, பாஸ்போர்ட் அவருடைய அலமாரியில். நான் ஒரு வார்த்தை சொன்னால் உன்னை விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்பார். அவர் சொன்னது பாதிக்கு மேல் உண்மையில்லை. அதைச் சரிபார்க்க அவளுக்கு வழி இல்லை, தன் விண்ணப்ப எண்கூட அவளுக்குத் தெரியாது. அந்த விதி போய்விட்டது, அந்த மிரட்டலை நான் இன்றும் கேட்கிறேன். பிஆர் வராத நிலையில் குடும்ப வன்முறையில் மாட்டிக்கொண்டவர்களுக்குக் கட்டணமில்லாமல் தற்காலிக அனுமதி கொடுக்கும் ஏற்பாடு 2019-இலிருந்து இருக்கிறது. உங்களுக்குத் தேவைப்படாமல் இருக்கட்டும், ஆனால் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் சொல்லத் தெரிந்திருக்கட்டும்.

உங்களுக்கு உங்கள் வழியே இருக்கிறது. படிப்பு முடிந்து தகுதி இருந்தால் கிடைக்கும் வொர்க் பர்மிட் வாழ்க்கையில் ஒருமுறைதான், அதை வீணாக்காதீர்கள். கனடிய அனுபவப் பிரிவு என்ற வழியில் பிஆருக்கு விண்ணப்பிக்க ஒரு வருடத் தொழில்திறன் வேலை வேண்டும், 1,560 மணி நேரம். படிக்கும்போது செய்யும் பகுதிநேர வேலை அதில் சேராது. படிப்பு முடிந்ததும் கிடைத்த கடையில் நின்றுவிட்டு ஒரு வருடத்தை இழந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன். மதிப்பெண் பார்த்து பிஆருக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் வயதுக்கான முழு மதிப்பெண் 20 முதல் 29 வரைதான், 30-இலிருந்து குறையத் தொடங்கும். பிரெஞ்சு நன்றாக வந்தால் கூடுதலாக 50 வரை கிடைக்கும், இப்போதே ஆரம்பியுங்கள். கல்யாணம் ஆனாலும், இரண்டு பேரும் விண்ணப்பிக்கிற நிலையில் இருந்தால் யாரை முதன்மை விண்ணப்பதாரராகப் போட்டால் மதிப்பெண் அதிகம் என்று உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். அவர் பெயர்தான் முதலில் வரவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஈமெயில், வங்கிக் கணக்கு, பாஸ்போர்ட், விண்ணப்ப எண் எல்லாம் உங்களிடம் இருக்கட்டும், எவ்வளவு நல்ல மனிதரைக் கட்டிக்கொண்டாலும்.

இந்த எண்ணம் நிலைக்குமா என்று கேட்டீர்களே, எனக்கு நிலைத்தது. ஆனால் அதற்கு விலை கொடுத்தேன். குடியுரிமைக்கு ஐந்து வருடத்தில் 1,095 நாள் இங்கே இருந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கு முடிய ஆறேழு வாரம் இருந்தபோது அப்பா ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். போனேன், நான்கு மாதம் கூடவே இருந்தேன். குடியுரிமை தள்ளிப்போனது, அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு ராத்திரி அவர் கண்ணை மூடியபடியே, அங்கே நீ நிம்மதியாக இருக்கிறாயா என்று கேட்டார். இருக்கிறேன் அப்பா என்றேன். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த நான்கு மாதத்துக்கு முந்தைய வருடங்களில் அவரோடு இல்லாமல் போன நாட்களுக்கு என்னிடம் இன்றும் பதில் இல்லை. நீங்களும் இதை யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும், அடிக்கடி போய்வரப் பணம் ஒதுக்கி வைக்க வேண்டும், வீட்டில் இருப்பவர்களிடம் நான் இங்கேயே இருக்கப் போகிறேன் என்று ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நான் மூன்று வருடம் சொல்லாமல் தள்ளிப்போட்டேன், அது அவர்களுக்கும் நல்லதாக இல்லை.

இன்னொரு விஷயம். பிஆர் வருவதற்கு முன் முறையான அனுமதியோடு இங்கே இருக்கும் ஒவ்வொரு நாளும், விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய ஐந்து வருடத்துக்குள் வந்தால், குடியுரிமைக் கணக்கில் அரை நாளாகச் சேரும், அப்படி 365 நாள் வரை சேரலாம். உள்ளே வந்த தேதி, வெளியே போன தேதி எல்லாவற்றையும் நான் ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்திருந்தேன், கடைசியில் படிவம் நிரப்பும்போது அது ஒன்றுதான் கைகொடுத்தது. நீங்களும் ஒரு நோட்டு வாங்கி, நான்கு மாதத்துக்கு முன்னால் வந்து இறங்கிய தேதியை முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.