பாத்திரத்தை மாற்ற வேண்டாம், தூளை மாற்றுங்கள்

கேள்வி: துபாயில் வேலை பார்க்கும் என் காக்கா (அண்ணன்) ஊருக்கு வந்தபோது ஒரு பிரெஞ்ச் பிரஸ் கொண்டுவந்தார். கண்ணாடி ஜாடி, மூடியோடு ஒரு கம்பி, கம்பியின் அடியில் வலை. வழக்கமாக வாங்கும் ஃபில்டர் காப்பித் தூளைத்தான் போடுகிறோம். கம்பி பாதியிலேயே நின்றுவிடுகிறது. பலமாக அழுத்தினால் தூள் மேலே பீய்ச்சுகிறது. டம்ளர் அடியில் சேறாக வண்டல், கசப்பு வேறு. பெட்டியில் எட்டு கப் என்று போட்டிருக்கிறது, எங்கள் டம்ளருக்கு நாலுதான் வருகிறது. இது மட்டமான சரக்கா? விலை கூடியதாக வேறு வாங்கலாமா? வாப்பாவுக்குக் கொலஸ்ட்ரால் உண்டு, அவர் இதைக் குடிக்கலாமா?
- வாசகி, கீழக்கரை

பதில்: வேறு வாங்க வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் குறை தூளில்தான் இருக்கிறது.

நம் பித்தளை ஃபில்டரில் வெந்நீர் தூள் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கிப் போய்விடும். அதற்கு நைஸான தூள்தான் சரி. பிரஸ்ஸில் அப்படி இல்லை, தூள் மொத்தமும் நாலு நிமிடம் வெந்நீரிலேயே ஊறுகிறது. அவ்வளவு நேரம் ஊறினால் நைஸ் தூள் சாரத்தோடு கசப்பையும் இறக்கிவிடும். மிச்சம் வலையை அடைக்கும், அடைக்காதது நழுவி டம்ளருக்கு வரும். கம்பி நின்றுவிட்டால் தயவுசெய்து பலம் கொடுத்து அழுத்தாதீர்கள். ஜாடி விரிசல் விட்டால் கொதிக்கும் காப்பி கையிலும் மடியிலும்தான் கொட்டும். கம்பியைக் கொஞ்சம் மேலே தூக்கி, தூள் அடங்கியதும் மெதுவாக இறக்குங்கள்.

பாக்கெட் தூளை விட்டுவிட்டு, கொட்டையை வறுத்து அரைத்துத் தரும் கடைக்குப் போங்கள். ராமநாதபுரத்தில் கிடைக்காவிட்டால் மதுரை போகிறவர்களிடம் சொல்லி அனுப்பலாம். கடையில் இப்படிக் கேளுங்கள்: “சிக்கரி வேண்டாம். பிளாண்டேஷனோ பீபெரியோ போடுங்க. அரவை பெரிசா, பாம்பே ரவையை விடக் கொஞ்சம் பருமனா இருக்கணும்.” பிளாண்டேஷன், பீபெரி இரண்டும் காப்பிக் கொட்டை வகைகள். கடைக்காரர் ஒருமுறை உங்களை ஏற இறங்கப் பார்ப்பார், பரவாயில்லை. இருநூறு கிராமுக்கு மேல் வாங்காதீர்கள். கடல்காற்றின் ஈரத்தில் தூள் சீக்கிரம் கட்டி தட்டி, மணம் போய்விடும்.

சிக்கரி வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. பால் காப்பியில் அது கொடுக்கும் அடர்த்தி நமக்குப் பிடிக்கும். பால் விடாத பிரஸ் காப்பியில் அதன் கசப்பு மட்டும் தூக்கலாகத் தெரியும். காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், எது எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்பது விதி. அந்த வரியைத் தேடிப் படியுங்கள். உதிரியாக வாங்கியதில் சந்தேகம் இருந்தால் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை தூவிப் பாருங்கள். காப்பித் தூள் மிதக்கும், சிக்கரி சில நொடிகளில் பழுப்புக் கோடு விட்டுக்கொண்டே கீழே இறங்கும்.

அப்புறம் தண்ணீர். நம் கரையோரத்தில் போர் தண்ணீரின் உப்பை எந்தக் காப்பியும் மறைக்காது. காவிரித் தண்ணீர் வருகிற நாளில் பிடித்து வைத்ததில் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் முதல் வாயிலேயே தெரியும். கேன் தண்ணீரும் ஆகும். ஆனால் உப்பெல்லாம் அடியோடு எடுத்துவிட்ட ஆர்.ஓ. தண்ணீராக இருந்தால் காப்பி சப்பென்று இருக்கும்.

அரை லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் தூள், அதாவது மேசைக்கரண்டியில் ஐந்தாறு. ஜாடியை முதலில் வெந்நீர் விட்டு அலசிச் சூடாக்குங்கள். கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி அரை நிமிடம் பொறுத்து ஊற்றுங்கள். ஒரு நிமிடத்தில் தூள் மேலே ஏடு கட்டி நிற்கும். அதை மரக்கரண்டியால் கலைத்துவிட்டு மூடுங்கள். எவர்சில்வர் கரண்டி வேண்டாம், கண்ணாடியில் கீறல் விழுந்தால் பிறகு அந்த இடத்தில்தான் உடையும். நாலு நிமிடம் ஆனதும் கம்பியை நிதானமாக இறக்கி, உடனே மொத்தத்தையும் டம்ளர்களில் ஊற்றிவிடுங்கள். ஜாடியிலேயே விட்டால் ஊறல் தொடரும், கசப்பும் ஏறும். சீனிக்குப் பதில் சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியைத் தட்டிப் போட்டுப் பாருங்கள். பாலில்லாக் காப்பிக்கு அதைவிடப் பொருத்தமான இனிப்பு எனக்குத் தெரியாது.

வீட்டில் எல்லோரும் பால் காப்பிதான் குடிப்பீர்கள் என்றால் பித்தளை ஃபில்டரையே வைத்துக்கொள்ளுங்கள். பிரஸ்ஸில் அந்த டிகாக்ஷன் கனம் வராது, தூளை இரட்டிப்பாகப் போட்டாலும்.

எட்டு கப் விஷயத்தில் ஏமாற்று இல்லை. இந்தப் பாத்திரத்தில் ஒரு கப் என்பது சுமார் 120 மில்லி. எட்டு கப் என்றால் ஒரு லிட்டர், மூன்று கப் என்றால் 350 மில்லி. வாங்கும்போது கப் கணக்கை விட்டு மில்லி கணக்கைக் கேளுங்கள்.

வாப்பாவுக்கு இது அன்றாடக் காப்பியாக வேண்டாம். கொட்டையிலுள்ள கஃபெஸ்டால் என்ற எண்ணெய்ப் பொருள் உலோக வலை வழியாக வந்துவிடும், கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும். காகித வடிகட்டி அதைப் பெருமளவு பிடித்துவிடும். பிரஸ்ஸில் இறக்கியதைக் காகிதத்தில் ஊற்றி வடித்துக் கொடுக்கலாம். எவ்வளவு குடிக்கலாம் என்பதை அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய பிரெஞ்ச் பிரஸ் வரும்போதே ஜாடி உடைந்திருந்தது. “கண்ணாடிப் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது” என்கிறார் விற்றவர். 900 ரூபாயை விட்டுவிட வேண்டியதுதானா?
- வாசகர், பாம்பன்

பதில்: விடாதீர்கள். உடைந்த பொருளை அனுப்பிவிட்டு, திரும்ப எடுக்கமாட்டேன், பணமும் தரமாட்டேன் என்று விற்பவர் சொல்ல 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் இடம் தரவில்லை. தளத்தில் அவர் என்ன எழுதி வைத்திருந்தாலும் சரி. அட்டைப்பெட்டி, முகவரிச் சீட்டு, உடைந்த ஜாடி மூன்றையும் படம் எடுங்கள். பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்த விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தொலைபேசியில் பேசியதோடு நிறுத்தினால் கையில் ஆதாரம் இருக்காது.

அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: ஆறு மாதத்தில் என் பிரெஞ்ச் பிரஸ்ஸின் வலையைச் சுற்றியிருக்கும் சுருளும் வெளிச்சட்டமும் துருப்பிடித்துவிட்டன. எதைப் பார்த்து வாங்குவது?
- வாசகி, மண்டபம்

பதில்: உங்கள் ஊர்க் காற்றுக்கு முலாம் பூசிய இரும்புச் சட்டம் தாங்காது. 304 தர எவர்சில்வர் என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். கடையில் சின்னக் காந்தத்தை வைத்துச் சட்டத்தைத் தொட்டுப் பாருங்கள், இறுக ஒட்டினால் வேண்டாம். சுருளில் லேசாக ஒட்டுவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தினமும் வலை, சுருள், தட்டு எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழற்றி, உப்பில்லாத தண்ணீரில் அலசி, துணியால் துடைத்து வையுங்கள். மாற்று வலையும் மாற்று ஜாடியும் தனியாகக் கிடைக்கிற மாடலா என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.