செட் ஆகாத கிழவர் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

கணக்கு எழுதுவது என் தொழில். ஓய்வு நேரத்தில் ஆங்கிலச் சிறுகதைகளை மொழிபெயர்த்துப் பழகுகிறேன். போன வாரம் ஒரு வரியில் மாட்டிக்கொண்டேன். ஒரு கிழவர் தன் மகன் எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு மடிக்கிறார். அப்போது அவர் முகத்தைப் பற்றிச் சொல்லும் ஒரே சொல் 'செட்'. அகராதியைத் திறந்தால் அந்தச் சொல்லுக்கு முடிவே இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் அதற்கு 430 அர்த்தங்கள் என்று படித்தபோது மலைத்துப் போனேன். இப்படி ஒரு சொல் தமிழில் உண்டா? இதற்கு ஈடாக ஒரே தமிழ்ச் சொல்லைச் சொல்ல முடியுமா? இத்தனை அர்த்தங்களையும் மனப்பாடம் செய்தால்தான் மொழிபெயர்க்க முடியுமா? நாமும் 'செட் ஆகல' என்று பேசுகிறோமே, அது மொழிக்குக் கேடுதானே?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் அலாரம் அடிக்காமல் தாமதமாக எழுந்தேன். 'அலாரம் வைக்க மறந்துட்டேன்' என்று போனில் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அந்த 'வைக்க'வைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பார்த்தால் உங்கள் கடிதம். அதனால்தான் உடனே பதில்.

கடைசிக் கேள்வியை முதலில் தள்ளிவிடுகிறேன். 'செட் ஆகல' என்பதால் எந்தக் கேடும் இல்லை. இரண்டு பேருக்கு ஒத்துப்போகவில்லை என்ற பொருளில் ஓர் ஆங்கிலேயர் இந்தச் சொல்லைப் பயன்படுத்த மாட்டார். அது நாமே உண்டாக்கிய அர்த்தம். பட்டறையில் ஒரு பாகம் சரியாகப் பொருந்தாமல் போனதைப் பார்த்து யாரோ சொல்லியிருப்பார்கள் என்பது என் ஊகம். ஊகம்தான், சண்டைக்கு வராதீர்கள்.

அந்த 430-க்கு வருவோம். 20 தொகுதிகளாக 1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு செட் என்ற வினைச்சொல்லுக்குத்தான். தனிச்சொல்லாக 430 அர்த்தம், தொடர்களையும் சேர்த்தால் ஏறக்குறைய 580. அதை விளக்க 60,000 சொற்கள் செலவாகியிருக்கின்றன. ஒரு நாவலின் அளவு. ஆனால் நீங்கள் படித்தது பழைய செய்தி. திருத்தி எழுதப்படும் மூன்றாம் பதிப்பில் 2000-இல் 'மேக்' அந்த இடத்தைப் பிடித்தது, 2007-இல் 'புட்', 2011-இல் 645 அர்த்தங்களோடு 'ரன்'. இந்தப் பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எல்லாமே பொடிச் சொற்கள், குழந்தை முதலில் பேசும் சொற்கள். இலத்தீனிலிருந்து வந்த நீளநீளமான சொற்கள் ஒன்றுகூட இந்தப் போட்டியில் இல்லை. அவற்றைப் பண்டிதர்கள் எப்போதாவதுதான் வெளியே எடுக்கிறார்கள். பொடிச் சொல்லோ எல்லாரும் எல்லா வேலைக்கும் எடுத்து எடுத்துத் தேய்ந்தது.

எனக்குக் கோபம் வந்தது உங்கள் முதல் கேள்வியில். 'இப்படி ஒரு சொல் தமிழில் உண்டா?' என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்குக் கீழேயே 'மொழிக்குக் கேடுதானே' என்ற கவலை வேறு. தமிழில் என்ன இருக்கிறது என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் அதைக் காப்பாற்றக் கிளம்பிவிட்டீர்கள். நான் மறந்தது எதை? அலாரம் வைக்க. அதைத்தான் ஆங்கிலத்தில் செட் செய்வது. தீ வைக்கிறோம், பொறி வைக்கிறோம், தேர்வு வைக்கிறோம், இலக்கு வைக்கிறோம், புது இடத்தில் கால் வைக்கிறோம். இத்தனைக்கும் அவர்கள் சொல்வது செட். ஒருவரைச் சிரிக்க வைப்பதும் யோசிக்க வைப்பதும்கூட அங்கே செட்தான். இதைக் கவனித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. உறவே இல்லாத இரண்டு மொழிகள், ஒரே மாதிரிப் பொடிச் சொல்லை ஒரே மாதிரித் தேய்த்திருக்கின்றன. 'வை' அதோடு நின்றதா? பெயர் வைக்கிறது, அன்பு வைக்கிறது, பணத்தைச் சேர்த்து வைக்கிறது. 'எதையோ உளறி வைத்தான்' என்னும்போது அந்த 'வைத்தான்' ஒரு பொருளையும் எங்கேயும் வைக்கவில்லை. சொன்னவனின் எரிச்சலை மட்டும்தான் வைக்கிறது. இதற்கு எண் போட ஆள் உட்கார்ந்தால் அவர்களும் நூற்றுக்கணக்கில் போடலாம்.

உடனே 'பார், தமிழும் சளைத்ததில்லை' என்று கிளம்பிவிடாதீர்கள். அதற்காகச் சொல்லவில்லை. எண்ணிக்கை என்பது அகராதி செய்கிறவர் எங்கே கத்தி வைக்கிறார் என்பதைப் பொறுத்தது. தீ வைப்பதையும் பொறி வைப்பதையும் ஒன்றாகப் போட்டால் ஒரு அர்த்தம், தனித்தனியாக வெட்டினால் இரண்டு. நீங்கள் கணக்கு எழுதுகிறவர். ஒரே செலவை ஒரு தலைப்பில் எழுதலாம், ஏழு தலைப்பில் பிரித்தும் எழுதலாம். பணம் கூடிவிடுமா?

இன்னொன்று. செட் என்பது முழுக்க ஒரே சொல்கூட இல்லை. வினைச்சொல் பழைய ஆங்கிலத்தில் உட்காருவதைக் குறிக்கும் 'சிட்' என்பதன் பிறவினை. ஓடு, ஓட்டு என்று நமக்கு இருப்பது போல அவர்களுக்கு சிட், செட். உட்கார வைப்பது. சூரியன் மறைவதற்குக்கூட அதே சொல்தான், கீழே இறங்கி அமர்கிறது போல. ஆனால் தொகுப்பு, குழு என்று பொருள் தரும் செட், கணக்குப் பாடத்தில் நாம் கணம் என்று படித்தது, பழைய பிரெஞ்சு வழியாக இலத்தீனின் 'செக்டா'விலிருந்து வந்தது. பின்பற்றுகிற கூட்டம் என்று பொருள். போகப்போக வினைச்சொல்லின் சாயல் அதன் மேல் படிந்து, இன்று இரண்டும் உடன்பிறந்தவை போலத் தெரிகின்றன. இரண்டுக்கும் சேர்த்து ஒரே தமிழ்ச் சொல் கேட்டால் நான் எங்கே போவேன்?

நானும் ஒரு காலத்தில் உங்களைப் போல ஒரே சொல் தேடியவன்தான். இருபதுகளில் பக்கத்துக்கு இவ்வளவு என்று மொழிபெயர்த்துப் பிழைத்தேன். ஒரு கதையில் மருத்துவர் உடைந்த கையின் எலும்பை செட் செய்கிறார். நான் 'மருத்துவர் எலும்பை வைத்தார்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மெய்ப்புப் பார்த்த பெரியவர் சிவப்புப் பென்சிலால் ஓரத்தில் 'எங்கே? அலமாரியிலா?' என்று எழுதித் திருப்பினார்.

அதுகூடப் பரவாயில்லை, சிரித்துவிட்டுப் போய்விடலாம். அடுத்தது அப்படியில்லை. சிமெண்டுக் கலவை ஒன்றுக்கான செய்முறைத் தாளை மொழிபெயர்த்தேன். 'செட் ஆக விடவும்' என்பதை, யோசிக்கவே யோசிக்காமல், 'காய விடவும்' என்று எழுதினேன். ஈரமாக இருப்பது கெட்டியாகிறது என்றால் காய்கிறது என்றுதானே தோன்றும்? தாள் அச்சாகிவிட்டது. கொஞ்ச நாள் கழித்து ஒரு கட்டட வேலை நடக்கும் இடத்தில் அந்தத் தாள் ஒரு மேஸ்திரியின் கையில் இருந்ததைப் பார்த்தேன். எழுதியவன் நான்தான் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, முந்தின நாள் பூசிய தளத்துக்குக் கூட்டிப்போனார். அதன் மேல் நனைத்த சாக்குகளை விரித்திருந்தார்கள். ஒரு சாக்கின் மூலையைத் தூக்கி, கட்டைவிரலால் அழுத்தினார். தடம் விழவில்லை. விரலை என் முன்னால் நீட்டினார், நுனியில் ஈரம்.

"இறுகிடுச்சு தம்பி. ஆனா காயல. காயவும் விடக் கூடாது. நீங்க எழுதினபடி காயப் போட்டா வெடிச்சுப் போயிரும்."

அவர் சொன்னது அட்சர சுத்தமான வேதியியல். சிமெண்டு தண்ணீர் வற்றுவதால் இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. தண்ணீருக்கு அடியிலேயே இறுகும். சில மணி நேரத்தில் கெட்டிப்பட்டாலும் உள்ளே வேலை நாள்கணக்கில் நடக்கும். அதற்காகத்தான் அந்த ஈரச் சாக்கு, அதற்காகத்தான் 28 நாள் கழித்து வலிமையைச் சோதிக்கிறார்கள். நான் எழுதிய ஒரு சொல், மொழிபெயர்ப்பாகப் படிக்க வழவழவென்று இருந்தது, ஒருவர் தளத்தில் விரிசல் விழ வைத்திருக்கும். அகராதியில் செட் என்பதற்கு எதிரே 'காய்' என்று எங்கும் இல்லை, 'இறுகு' இருந்தது. நான் கலவையைப் பார்க்காமல் சொல்லை மட்டும் பார்த்தேன்.

மனப்பாடம் செய்யட்டுமா என்று கேட்டீர்களே, அதற்கு இதுதான் பதில். 580-ஐயும் மனப்பாடம் செய்துவிட்டு அந்தத் தளத்தின் முன் நின்றாலும் 'காய்' என்றே எழுதியிருப்பேன். அர்த்தம் சொல்லுக்குள் ஊறிக் கிடப்பதில்லை, பக்கத்தில் நிற்பவர்கள் கொடுக்கிறார்கள். இது என் கண்டுபிடிப்பு இல்லை. தொல்காப்பியர் தன் இலக்கண நூலில், சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்திலேயே இந்த வேலையை முடித்துவிட்டார். பல பொருள் தரும் ஒரு சொல்லின் பொருள் 'வினையினும் இனத்தினும் சார்பினும்' தெரியவரும் என்கிறார். கூட வரும் வினை, கூட நிற்கும் இனம், சுற்றியுள்ள சூழல். உரைகாரர்கள் 'மா' என்ற சொல்லை வைத்து விளக்குவார்கள். மா பூத்தது என்றால் மரம், மா ஓடிற்று என்றால் விலங்கு, வினையே சொல்லிவிடுகிறது. ஆனால் மா வீழ்ந்தது என்றால்? மரமும் விழும், விலங்கும் விழும். அந்த வாக்கியத்தை எத்தனை முறை முறைத்துப் பார்த்தாலும் பயனில்லை, அக்கம்பக்கம் போக வேண்டும். ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு வாரம் தூங்காமல் இருந்திருக்கிறீர்கள் என்பது உங்கள் கடிதத்தின் எழுத்திலேயே தெரிகிறது. அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. அதை அகராதியின் மேல் காட்டாதீர்கள், கதையின் மேல் காட்டுங்கள்.

அட, உங்கள் கிழவரை மறந்தே போனேன்.

முகம் செட் ஆகியிருந்தது என்றால், என் கைக்கு முதலில் வருவது அந்த மேஸ்திரியின் சொல்தான். 'அவர் முகம் இறுகியிருந்தது.' மேலே கெட்டி, உள்ளே ஈரம். கடிதம் அவரை உடைத்திருந்தால், உடைந்ததைக் காட்டிக்கொள்ளாத கிழவராக இருந்தால், இதுவே போதும். ஆனால் அந்த முகம் வேறொன்றையும் குறிக்கலாம். மகனைப் பார்க்கப் போவது என்றோ, இனிப் பார்ப்பதே இல்லை என்றோ அவர் முடிவுக்கு வந்துவிட்ட முகம். அப்போது இறுக்கம் மட்டும் பற்றாது, வேறு சொல் வேண்டும். உங்கள் கிழவர் 'மா வீழ்ந்தது' வகை. கடிதத்தை மடித்த பிறகு அவர் அதை எங்கே வைக்கிறார், சட்டைப்பையிலா, அடுப்பிலா? அந்த அடுத்த வரியை எனக்கு எழுதி அனுப்புங்கள்.