மேலாளருக்கு வேண்டியவர்கள் நாலு பேர்: மற்றவர்கள் என்ன செய்வது?

கேள்வி: எங்கள் குழுவில் நாலு பேர் மேலாளருக்கு ரொம்ப நெருக்கம். பெயர் வாங்கித் தரும் வேலையெல்லாம் அவர்களுக்கே போகிறது. எல்லாம் முடிவான பிறகுதான் எங்கள் காதுக்கு வருகிறது. நானும் அவர்களோடு ஒட்டிக்கொள்ளவா, மனிதவளத் துறையில் புகார் கொடுக்கவா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். வலியப் போய் ஒட்டிக்கொண்டால் அது முகத்திலேயே தெரிந்துவிடும். 'அவர்களுக்குள் நெருக்கம்' என்று மட்டும் புகார் கொடுத்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது, நெருக்கம் குற்றம் இல்லையே.

கோஷ்டி சேரப் பெரிய காரணம் தேவையில்லை. சமூக உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல் பிரிஸ்டல் நகரப் பள்ளிச் சிறுவர்களை வைத்துச் செய்த சோதனைகள் 1970-ல் வெளியாயின. ஒன்றில், எந்த ஓவியரின் படம் பிடிக்கிறது என்பதை வைத்து இரண்டாகப் பிரிப்பதாகச் சொன்னார்; உண்மையில் கண்டபடிதான் பிரித்தார். தன் அணியில் இருப்பது யார் என்றே தெரியாமல், தனக்கு ஒரு லாபமும் இல்லாமல், சிறுவர்கள் தங்கள் அணிக்கே அதிகக் காசு ஒதுக்கினார்கள்.

மேலாளர் விஷயத்தில் இன்னொன்றும் சேர்கிறது. அவசரத்துக்கு, கேட்டதும் 'சரி' என்று செய்து கொடுப்பவரிடமே வேலை போகும். அவர் முடித்துக் கொடுப்பார், நம்பிக்கை கூடும், அடுத்ததும் அவருக்கே. பல மேலாளர்களுக்குத் தாங்கள் ஓரவஞ்சனை செய்வதே உறைக்காது. (அந்த நாலு பேரும் உண்மையிலேயே வேலையில் கெட்டியா என்பதையும் மனசாட்சியோடு பாருங்கள். சில நேரம் பதில் கசக்கும்.)

அதனால் அவர்களின் நட்பை விடுங்கள், அந்த வழியாகப் போகும் வேலையையும் தகவலையும் கேளுங்கள். 'எனக்கு நல்ல வேலையே தருவதில்லை' என்றால் மேலாளர் தன்னை நியாயப்படுத்தத்தான் பார்ப்பார். 'அடுத்த மாத வாடிக்கையாளர் அறிக்கையை நான் எடுத்துக்கொள்கிறேன், புதன்கிழமை முதல் வரைவைக் காட்டுகிறேன்' என்று தனியாகச் சொன்னால், ஆம் இல்லை என்று ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இல்லை என்றால், எந்தத் திறமை போதவில்லை என்று கேளுங்கள். சாப்பாட்டு மேசையில் முடிவான விஷயமா? 'காலக்கெடு மாறியதாகக் கேள்விப்பட்டேன், உறுதி செய்ய முடியுமா?' என்று மின்னஞ்சலில் இரண்டு வரி போதும். ஓரிரு முறை அப்படிப் போனால் முடிவுகள் எல்லோருக்கும் எழுத்தில் வர வாய்ப்பு உண்டு.

கூடவே, எந்த வேலை, எந்தத் தேதி, நீங்கள் கேட்டீர்களா, யாருக்குப் போனது, என்ன காரணம் சொன்னார்கள் என்று குறித்து வையுங்கள். யார் யாரோடு சிரித்துப் பேசினார்கள் என்பது அதில் வேண்டாம்.

சம்பள உயர்வு, பதவி உயர்வு, விடுப்பு இவற்றில் ஒரே தகுதிக்கு இரண்டு அளவுகோல் தெரிந்தால் அந்தக் குறிப்போடு மனிதவளத் துறைக்குப் போகலாம். ஒதுக்குவது சாதி, மதம், பாலினம் பார்த்து என்றால் அது பாகுபாடு. அப்போது காத்திருக்காமல் உடனே போங்கள். இது எதுவும் இல்லாமல், கேட்டும் ஒரு மதிப்பீட்டுச் சுற்று அப்படியே கழிந்தால், வேறு குழுவுக்கு மாற்றல் கேளுங்கள்.